ஒத்தை றெக்கைக்கு லக்கேஜ் கிடையாது

என் முதுகில் றெக்கை கட்டியபோது என் எடை எண்பத்தெட்டு கிலோ. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஒரு ஜேசிபி வருகிறது. என்னைத் தூக்க அதற்கு ஏன் அவ்வளவு மூச்சு வாங்கியது என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அப்போது நான் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், என் தலைமுடி மட்டும் வேலையை விட்டு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றிக் கட்டுவார்களே, வலை மாதிரி வெள்ளைத் துணி, அதுதான் எங்கள் சரக்கு. அதில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் ஜாடியில் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் முங்கினால் நல்ல துணி. மிதந்தால் கழிவு. எம்புட்டு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கிறதோ அம்புட்டுக்கு நல்லது. நாள் முழுக்க இதையே பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். இதை நீங்கள் மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

என் நண்பன் மகாராஜபுரத்துக்காரன். கல்லூரியில் என்னோடு படித்தான். அவன் முதல் பெஞ்சு, நான் வகுப்புக்கு வெளியே. அவனுக்கு சினிமாப் பைத்தியம். வீடோ பட்டாள வீடு. அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லோருக்கும் பட்டாளத்தார். சித்தப்பா போலீஸ். வரிசைப்படி இவனும் பரீட்சை எழுதி, ஓடி, கயிறு ஏறி, போலீஸில் தேர்வாகிவிட்டான். பயிற்சிக்கு வந்து சேரச் சொல்லி ஆர்டரும் வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை. அதற்கு நடுவில் பன்னிரண்டு நாள் இருந்தது.

நாலு வருஷமாக அவன் ஒரு கதையை நோட்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தான். யூனிஃபார்ம் போட்டுவிட்டால் அந்த நோட்டைத் திறக்கவே மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். இப்போது எடுக்காவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. அதை அப்பாவிடம் சொல்லும்போது துணைக்கு என்னைக் கூட்டிப் போனான். நான் துணைக்கு இருந்தேன் என்று சொல்ல முடியாது. அவர்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்போடு இருந்தேன்.

பட்டாளத்தார் தன் மொபெட்டைத் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"பன்னெண்டு நாள் இருக்குல்லா, எடு. ஆனா தொடங்கினா முடிக்கணும். பாதியில போட்டுட்டு என் முன்னால வந்து நிக்காத. பாதிப் படம் எடுத்தவன் பாதிப் போலீஸாத்தான் இருப்பான்."

என்னைப் பார்த்து, "உனக்கு இன்னும் ரெண்டு துண்டு வைக்கச் சொல்லவா?" என்றார். இரண்டுக்கும் சேர்த்து நான் தலையாட்டினேன்.

கதை இதுதான். மேலுலக ஆபீஸில் ஃபைல் மாறிப்போய், ஒரு தேவதூதன் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வந்து விழுகிறான். யாராவது ஒரு மனுசனுக்கு உருப்படியாக ஓர் உதவி செய்தால்தான் திரும்பிப் போக முடியும். ஆனால் அவனை எவரும் அப்படி ஓர் உதவி செய்ய விட மாட்டேன் என்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் இடம் பிடிக்கச் சொல்கிறார்கள். சிலிண்டர் தூக்கச் சொல்கிறார்கள். தாலுகா ஆபீஸில் அவனிடம் இருப்பிடச் சான்று கேட்கிறார்கள். கடைசியில் எப்படியோ ஓர் உதவியைச் செய்துவிட்டு, அந்தி வெளிச்சத்தில் வானத்தில் பறந்து போகிறான். படம் சிரித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் மட்டும் தொண்டையை அடைக்க வேண்டும் என்பது நண்பனின் கணக்கு.

தேவதூதனாக நடிக்க இருந்தவன் நான் இல்லை. நண்பனுக்குச் சொந்தக்காரப் பையன் ஒருவன். உயரம், சுருட்டை முடி, பால் குடித்துவிட்டு வாயைத் துடைக்காத மாதிரி ஒரு முகம். என் பொறுப்பு றெக்கை மட்டும்தான். கம்பெனி முதலாளியிடம் கேட்டு, நெசவில் ஓரம் கோணியதால் கழித்துப் போட்ட துணி உருட்டுகளை வாங்கினேன். ஒரே ராத்திரியில் பழைய குடைக் கம்பிகளையும் மூங்கில் சிம்புகளையும் கட்டி, உள்ளே பஞ்சு திணித்து, மேலே துணியைச் சுற்றினேன். ஒரு றெக்கைக்கு ஒரே துணி. எங்கேயும் வெட்டாமல், முடிச்சுப் போடாமல், அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே ஓட்டமாகச் சுற்றியதில் எனக்கு அப்படியொரு பெருமை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா பார்த்துவிட்டு, "தேவுடா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்தியா பயமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் றெக்கையோடு மகாராஜபுரம் போய் இறங்கினால், கதாநாயகனுக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பி, கழுத்தில் அவன் அம்மாவின் தங்கச் சங்கிலியோடு கட்டிலில் கிடந்தான். நண்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவனைத் தேற்றுவதற்காக, றெக்கையை எப்படி மாட்டுவது என்று நானே மாட்டிக் காட்டினேன். அவன் கேமரா வழியாக என்னைப் பார்த்தான். கல்யாண ஸ்டுடியோவில் இரவல் வாங்கிய கேமரா.

"அப்பிடியே நில்லு மாப்ள" என்றான்.

நின்றேன். அதன் பிறகு பன்னிரண்டு நாளும் நின்றுகொண்டேதான் இருந்தேன். றெக்கை கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய முடியாது.

வெள்ளை அங்கி தைக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாய் கடைக்குப் போனோம். பாய் என் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டார். டேப் பற்றவில்லை. கையால் ஒரு முழம் சேர்த்து அளந்துவிட்டு, இத்தனை நாளாக இந்தத் தேவதைக்கு யார் சோறு போட்டது என்று விசாரித்தார். நண்பன் நேர்மையானவன், தங்கள் வீட்டில்தான் என்று ஒப்புக்கொண்டான்.

அந்தக் கோலத்தில் வெளியே வந்தால் கூட்டம் கூடும், வேலை ஓடாது என்று பயந்தோம். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நின்றபோது ஒருவர் வந்து நான் எந்தக் கட்சி என்று கேட்டார். பால்கோவாக் கடையில் கிளறிக்கொண்டிருந்தவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏதோ வேண்டுதல் என்று முடிவு செய்து, ஓர் இலையில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை நான் வேண்டுமென்றே ஏழு தடவை தப்பாக நடித்தேன்.

எங்களுக்கு வாய்த்த ஒரே விமர்சகர் பட்டாளத்தார்தான். படப்பிடிப்பு நடக்கிற இடத்துக்கெல்லாம் மொபெட்டில் வருவார். கேமராவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். என் முதுகு மட்டும்தான் அவருக்குப் பிரச்சினை.

"வானத்துல இருந்து வந்தவன் இப்பிடியா கூனிக்கிட்டு நிப்பான்? நிமிர்ந்து நில்லுலே."

நிமிர்ந்தால் வயிறு முன்னால் வருகிறது, கூனினால் பட்டாளத்தார் முன்னால் வருகிறார். பதினோரு நாளும் இப்படியே ஓடின.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மிச்சம் ஒரே ஒரு காட்சி, பறந்து போகிற காட்சி. அதற்காக நண்பன் ஒரு ஜேசிபி ஆபரேட்டரைப் பிடித்து வைத்திருந்தான். மலையடிவாரத்துத் தோப்பில் ஜேசிபி கையை உயர்த்தும்; அதில் கட்டிய கயிற்றில் நான் தொங்குவேன்; கயிறு தெரியாத கோணத்தில் நண்பன் எடுப்பான். நண்பகலுக்கு ஒத்திகை, சாயங்காலம் வெளிச்சம் சாயும்போது ஷாட் என்று திட்டம்.

ஒத்திகையில் கால் தரையை விட்டு ஒரு முழம் எழும்பியிருக்கும். மலைமேல் இருந்து சாரல் இறங்கியது.

பத்து எண்ணவில்லை, அதற்குள் இரண்டு றெக்கையும் முங்கிவிட்டன. எங்கள் கம்பெனிச் சரக்கின் தரத்துக்கு அன்றைக்கு நானே முதுகு கொடுத்து சாட்சி சொன்னேன். தண்ணீரைக் குடிப்பதற்கென்றே நெய்த துணியில், அதைச் சோதிப்பதையே வேலையாக வைத்திருக்கிறவன், மழை நாளில் பறப்பதற்கு றெக்கை செய்திருக்கிறேன். ராஜபாளையத்தில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். கனம் தாங்காமல் நான் பின்பக்கமாகச் சாய்ந்து, அந்தரத்தில் வானத்தைப் பார்த்துப் படுத்துவிட்டேன். ஜேசிபி உறுமியது. ஆபரேட்டர் என்னைப் பூப்போல இறக்கிவைத்தார். பிற்பகலில் அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்மாய் வேலை இருந்தது. அஞ்சு மணிக்கு அங்கே வந்தால் செத்த நேரத்தில் தூக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

ஆக, அஞ்சு மணிக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும், றெக்கை காய வேண்டும், வெளிச்சம் இருக்க வேண்டும். மறுநாள் காலை அவன் போக வேண்டும். நண்பன் கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான்.

மொபெட்டில் றெக்கை ஏறாது. தனியார் பஸ் ஒன்று வந்தது, ஏறினோம். கையில் பிடித்தால் மூன்று ஆள் இடம் போகிறது என்று றெக்கையை மாட்டிக்கொண்டே ஏறினேன். வலது றெக்கையை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக் காற்றில் காய விட்டேன். இடது றெக்கை உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. கீழே மாம்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, "தம்பி, ஒங்க றெக்கை என் கூடையில வடியுது" என்றார். மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன். திரும்பிய வேகத்தில் இன்னொருவர் கண்ணாடியைத் தட்டிவிட்டேன். நண்பனுக்கு அப்போதுதான் லேசாகச் சிரிப்பு வந்தது. கேமராவை எடுத்துவிட்டான்.

கண்டக்டர் வந்தார். நாற்பது வயசு இருக்கும், காதில் பேனா. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, றெக்கைக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். உடம்போடு ஒட்டியிருப்பது எப்படி லக்கேஜ் ஆகும் என்று நான் கேட்டேன். அவர் என் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்து, "வார் இருக்குல்லா? பைக்குத்தான் வார் இருக்கும்" என்றார். நியாயம் அவர் பக்கம் இருந்ததால் நான் சத்தமாகப் பேசினேன். பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பின்சீட்டில் இருந்து ஒருவர், மயில் ஏறினால் அதன் தோகைக்கும் லக்கேஜ் கேட்பீர்களா என்று எனக்காக வாதாடினார்.

அவர் வாய் வைத்த நேரம், தோட்டத்திலிருந்து ஒரு மயில் ரோட்டில் இறங்கியது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். எல்லோரும் எதையாவது பிடித்தோம். கண்டக்டருக்கு இரண்டு கையிலும் டிக்கெட் கட்டு. முன்சீட்டுக் கம்பியில் நெற்றி மோதி, புருவத்துக்கு மேலே பிளந்துவிட்டது.

ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மனுசர் படியில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சீப்பும் திருநீறும் இருந்தன. ஒருவர் தோளில் கிடந்த துண்டை நீட்டினார். காலையில் மாடு துடைத்த துண்டு அது என்று பக்கத்து சீட்டுக்காரரே காட்டிக்கொடுத்தார். முன்னால் யாரோ காப்பித்தூள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

பஸ் முழுவதும் என் முதுகைப் பார்த்தது. அத்தனை பேருக்கும் அது என்ன துணி என்று தெரியும். எங்கள் பக்கத்தில் அந்தத் துணி நெய்கிற வீடுகள் கொஞ்ச நஞ்சமா? வலது றெக்கை காற்றில் ஓரளவு உலர்ந்துமிருந்தது.

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் கையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஓட்டமாகச் சுற்றிய துணி. ஓர் இடத்தில் பிரித்தால் முழுதும் உருவிக்கொண்டு வந்துவிடும், அதை அவனிடம் நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். றெக்கை போனால் பறக்கிற காட்சி போச்சு. பறக்கிற காட்சி போனால் படம் பாதி. நாளைக்குத் திங்கட்கிழமை.

அவன் கேமராவை அணைத்து மாம்பழக்கார அக்கா மடியில் வைத்தான். கண்டக்டர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, அவர் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே, என் மூஞ்சிய என்ன பாக்க? கிழி."

இது கிருமி நீக்காத துணி என்று சொல்ல வாயெடுத்தேன். காப்பித்தூள் நெருங்கிக்கொண்டிருந்தது. கிழித்தேன். உள்சுற்றில் சுத்தமான பகுதியை மடித்து அழுத்தி, மேலே சுற்றினேன். சுற்றச் சுற்ற என் வலது தோள் லேசானது. கடைசியில் என் வலப் பக்கம் நாலு குடைக் கம்பியும் கொஞ்சம் பஞ்சும்தான் இருந்தன. நாள் முழுக்கத் துணி தண்ணீர் குடிப்பதைப் பார்த்தவன், அது ரத்தம் குடிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பத்து எண்ணத் தோன்றவில்லை.

பஸ் வேறெங்கும் நிற்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனது. கண்டக்டரை உள்ளே கூட்டிப் போனார்கள். நாங்கள் வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒற்றை றெக்கையோடு உட்காருவது கொஞ்சம் எளிதாக இருந்தது. மணி அஞ்சைத் தாண்டிவிட்டது. ஒற்றை றெக்கையில் ஒருத்தன் பறந்தால் ஊர் சிரிக்கும், ஆனால் தப்பான இடத்தில் சிரிக்கும். நண்பன் ஜேசிபிக்காரருக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், வரவில்லை என்று சொன்னான். பிறகு கேமரா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

பட்டாளத்தார் கண்மாயில் விசாரித்துவிட்டு மொபெட்டில் வந்து சேர்ந்தார். என் வலப் பக்கத்துக் கம்பிகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"இல்லப்பா."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டு அதைத் துடைக்கத் தொடங்கினார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் வெளியே வந்தார். தையல் போட்டு, தலையைச் சுற்றிப் புதுக்கட்டு, வெள்ளை வெளேரென்று. தோளில் டிக்கெட் பை அப்படியே. எங்களைப் பார்த்ததும் நேராக வந்து உட்கார்ந்து, நாலு டீ சொன்னார். என் கம்பிகளைத் தடவிப் பார்த்தார். வருத்தம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம் போலிருக்கிறது.

"ஏண்ணே, இன்னொரு றெக்கை எங்கன்னு மேல கேட்டா என்ன சொல்லுவிய?"

நான் டீயை ஊதிக்கொண்டே சொன்னேன். "கீழ ஒருத்தருக்குத் தேவைப்பட்டுச்சுன்னு சொல்லுவேன்."

கண்டக்டர் தலையாட்டினார். "அப்ப ஏறிக்கோங்க. ஒத்தை றெக்கைக்கெல்லாம் லக்கேஜ் கிடையாது."

மூடியைத் திறந்து மூடுகிற சத்தம் நின்றது. நண்பன் எழுந்துவிட்டான்.

"இதையே பஸ் படியில நின்னு சொல்லுவியளா?" என்று கேட்டான். என்னை அல்ல, கண்டக்டரை.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, கோவில் கோபுரத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. அதே பஸ், அதே படி. கண்டக்டர் மேல்படியில் நின்றார், இப்போது அவர் மேலுலகத்து வண்டியின் கண்டக்டர். நான் கீழே நின்றேன். இடது றெக்கை ஈரம் காயாமல் கல் மாதிரி கனத்தது. அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க உடம்பை விறைப்பாக நிமிர்த்த வேண்டியிருந்தது. அவர் கேட்டார். நான் சொன்னேன். அவர் விசில் ஊதினார். நான் ஏறினேன். பஸ் கிளம்பியது. இரண்டாவது தடவை எடுக்க வெளிச்சமும் இல்லை, டிரைவருக்குப் பொறுமையும் இல்லை.

பஸ் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து என்னை இறக்கிவிட்டபோது, பட்டாளத்தார் மகனிடம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுப்பா" என்றான் அவன்.

"அப்பச் சாப்பிட வாங்க" என்றார் அவர்.

மறுநாள் காலை அவன் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு போனான். முதல் லீவில் வந்து ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் படத்தை ஒட்டினான். அவர்கள் வீட்டு டிவியில் தெருவே உட்கார்ந்து பார்த்தது. கண்டக்டர் டியூட்டிச் சட்டையோடு வந்திருந்தார். கடைசிக் காட்சியில் எல்லோரும் ஓகோ என்று சிரித்தார்கள். மேலுலகத்துக் கண்டக்டருக்கு ஏன் தலையில் கட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் அது எங்களுடையது என்று கண்டக்டரோடு சேர்த்து நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். பட்டாளத்தார் மட்டும் என் பக்கம் திரும்பி, "கடேசியிலயாவது நிமிர்ந்து நின்னியே" என்றார். அந்தப் படத்துக்கு வந்த ஒரே பாராட்டு அது. அதுவும் எனக்கு. டைரக்டருக்கு இன்றுவரை அதில் பொறாமை.

அவன் இப்போது மதுரைப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் இருக்கிறான். வேறு படம் எடுக்கவில்லை. ஆடிப்பூரத் தேருக்கு பந்தோபஸ்து டியூட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் நாங்கள் அதே டீக்கடையில் உட்காருவோம். கூட வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் சினிமா எடுக்கப் போகிறவர்களாம், கதை எல்லோரிடமும் இருக்கிறதாம். "நான் எடுத்துட்டேன்லா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பான். அவன் அப்படிச் சொல்லும்போது எனக்கு எழுந்து நின்று சல்யூட் அடிக்கத் தோன்றும். தொப்பை இடிக்கும் என்பதால் அடிப்பதில்லை. பஸ்ஸில் நான் கிழித்ததை எடுத்திருந்தால் நல்ல ஷாட்டாக இருந்திருக்கும் என்று மட்டும் ஒருமுறை சொன்னான். எடுத்திருந்தால் கண்டக்டர் தலையை யார் பிடித்திருப்பார்கள் என்று கேட்டேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மிச்சம் இருக்கிற இடது றெக்கை எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது என் மனைவி அதைக் குப்பையில் போடப் பார்ப்பாள், நான் பிடுங்கித் திரும்ப வைப்பேன். இந்த வருஷம் பிடுங்கிய கையோடு மாட்டிப் பார்த்தேன். வார் எட்டவில்லை, முன்னால் ஒரு சாண் இடைவெளிக்குக் கயிறு கட்ட வேண்டியிருந்தது. போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். அவன் ஸ்டேஷனிலிருந்து ஒரே வரி பதில் போட்டான்.

"இன்னும் கூனித்தான் நிக்க."

பட்டாளத்தார் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் போனைக் கீழே வைத்துவிட்டு, பரணுக்குக் கீழே, ஒற்றை றெக்கையோடு, வயிற்றைப் பற்றிக் கவலைப்படாமல் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றேன்.